ஆடு முக்கிக்கொண்டு நிற்கும்போது: எப்போது கை வைக்கலாம், எப்போது வைக்கக் கூடாது

மானூர், கங்கைகொண்டான், நாங்குநேரி, ராதாபுரம் என்று நம்ம திருநெல்வேலிப் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் வீட்டுக்கு நாலு ஆடாவது நிற்கும். அதில் பெரும்பாலானவை யார் தயவும் இல்லாமல் ராத்திரியோடு ராத்திரியாகக் குட்டி போட்டுவிட்டு, காலையில் நாம் தொழுவுக்குப் போகும்போது நக்கிக்கொண்டு நிற்கும். சிலதுக்குத்தான் சிக்கல் வரும். அப்படிச் சிக்கினவற்றில் நம் கையால் சாவது பெரும்பாலும் இரண்டு விதத்தில்தான். ஒன்று, பொறுக்கமாட்டாமல் உள்ளே என்ன கிடக்கிறது என்று தெரியாமலே பிடித்து இழுத்துவிடுவது. இன்னொன்று, "தானா போட்டுரும்" என்று விடிய விடியப் பார்த்துக்கொண்டே இருந்துவிடுவது. கை உள்ளே போவது முதலில் தெரிந்துகொள்ள, இழுப்பதெல்லாம் அதற்கு அப்புறம். இந்த ஒன்று மனதில் நின்றால் கீழே சொல்வது எல்லாம் தானாகப் பிடிபடும்.

கிடாய் சேர்ந்த நாளை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். வெள்ளாட்டுக்கு 150 நாள், ஐந்து நாள் முன்னே பின்னே இருக்கும். செம்மறிக்கு இரண்டு மூன்று நாள் குறைவு. பசுவுக்கு 280 நாள், எருமைக்கு 310 நாள் போல. தேதி தெரிந்தால்தான் கடைசி வாரத்தில் ஆட்டைக் கூட்டத்தோடு மேய்ச்சலுக்கு விரட்டாமல் வீட்டோடு வைத்துக் குழை ஒடித்துப் போட முடியும். நாள் நெருங்கினால் மடி இறுகிப் பளபளக்கும், வாலுக்கு இரண்டு பக்கமும் இருக்கிற தசைநார் தளர்ந்து குழி விழும், கூட்டத்தை விட்டு ஒதுங்கிக் காலால் மண்ணைப் பறிக்கும், படுக்கும், எழும், திரும்பித் தன் வயிற்றைப் பார்க்கும். இந்தக் கட்டத்தில் சில மணி நேரம் போகும், தலை ஈத்து, அதாவது முதல் தடவை குட்டி போடுகிற ஆடு என்றால் அரை நாள்கூட இழுக்கும். கருப்பை வாய் திறக்கிற நேரம் இது. பக்கத்தில் கூட்டம் போடாமல், நாயை விரட்டிவிட்டு, தள்ளி உட்கார்ந்து பாருங்கள், போதும்.

கடிகாரம் பார்க்க வேண்டியது ஆடு முக்க ஆரம்பித்த பிறகு. நன்றாக அழுத்தி முக்குகிறது, அரை மணி நேரம் ஆகியும் பனிக்குடமோ குளம்போ எதுவும் தெரியவில்லை என்றால் உள்ளே பார்க்க வேண்டும். பனிக்குடம் உடைந்து அரை மணி நேரமாகியும் குட்டி முன்னேறவில்லை என்றாலும் அதேதான். முதல் குட்டி வந்து, ஆடு திரும்பவும் முக்கிக்கொண்டே இருந்து, அரை மணி நேரத்தில் அடுத்தது வரவில்லை என்றாலும் அப்படியே. ஒரு கால் மட்டும் வெளியே, வால் மட்டும் தெரிகிறது, தலை மட்டும் வந்து கால் காணவில்லை, பழுப்பும் சிவப்புமாக நாற்றமடிக்கிற நீர் வருகிறது, இந்த நாலில் எதைக் கண்டாலும் அரை மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம். மருத்துவருக்குப் போன் அப்போதே போக வேண்டும். அவர் வந்து சேர்கிற நேரத்தில்தான் நாம் பார்க்கிற வேலை.

சாமான் எல்லாம் முன்கூட்டியே ஒரு வாளியில் இருக்கட்டும். நீளக் கையுறை, சோப்பு, பொவிடோன் அயோடின், லிக்விட் பாரபின், கொதிக்க வைத்து எடுத்த மெல்லிய நூல் கயிறு இரண்டு, பழைய சுத்தமான வேட்டித் துணி, டார்ச், டிங்சர் அயோடின். நைலான் கயிறு வேண்டாம், குட்டியின் காலை அறுத்துவிடும். நகத்தை ஒட்ட வெட்டி, மோதிரத்தையும் கைக்கயிற்றையும் கழற்றிவிட்டு முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆட்டின் பின்பக்கத்தையும் வெதுவெதுப்பான நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, அயோடின் கலந்த நீரை ஊற்றுங்கள். அப்புறம் கையுறைமேல் பாரபினைத் தாராளமாகத் தடவிக்கொள்ளுங்கள். பாரபின் இல்லை என்றால் புதிதாக உடைத்த பாட்டில் தேங்காய் எண்ணெய், சமையல் சட்டியில் மிஞ்சினது கூடாது. பனிக்குடம் உடைந்து நேரமாகிவிட்டால் உள்ளே காய்ந்து போயிருக்கும், அப்போது வழவழப்பு இல்லாமல் எதை இழுத்தாலும் கிழியும்.

ஐந்து விரலையும் கூம்பாகக் குவித்து, ஆடு முக்காத இடைவெளியில் மெதுவாக உள்ளே விடுங்கள். முக்கும்போது கை அப்படியே நிற்கட்டும், எதிர்த்துத் தள்ளாதீர்கள். தலை ஈத்து ஆட்டுக்கு உங்கள் கை பெரிதாக இருந்தால் வீட்டில் சின்னக் கை யாருடையதோ அவர்களைக் கூப்பிடுங்கள். வீட்டுப் பெண்கள்தான் இந்த வேலைக்குப் பெரும்பாலும் பொருத்தம், அவர்களுக்குப் பொறுமையும் இருக்கும். ஆனால் சூலியாக இருக்கிற பெண்ணைப் பக்கத்திலேயே விடாதீர்கள், காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

எது எது என்று கையால் பார்ப்பது

சரியாக வருகிற குட்டி, தாமிரபரணிப் படித்துறையிலிருந்து தலைகீழாகக் குதிக்கிற பையன் மாதிரி இருக்கும். இரண்டு முன்னங்கையும் நீட்டி, அதன்மேல் மூக்கை வைத்துக்கொண்டு வரும். குளம்பின் அடிப்பக்கம் தரையைப் பார்த்திருக்கும். குளம்பின் அடிப்பக்கம் வானத்தைப் பார்த்தால் பெரும்பாலும் பின்னங்கால், குட்டி பின்புறமாக வருகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் குட்டி மல்லாக்கக் கிடந்தாலும் முன்னங்குளம்பு மேலே பார்க்கும். அதனால் குளம்பை மட்டும் நம்பாமல் மூட்டைத் தடவிப் பார்க்க வேண்டும். குளம்பிலிருந்து மேலே போனால் முதல் மூட்டு, அதற்கு மேல் இரண்டாவது மூட்டு. இரண்டும் ஒரே பக்கமாக மடங்கினால் அது முன்னங்கால். ஒன்று ஒரு பக்கமும் மற்றது எதிர்ப்பக்கமும் மடங்கினால் பின்னங்கால், அந்த இரண்டாவது மூட்டில் பின்பக்கம் கூர்மையாக எலும்பு துருத்திக்கொண்டும் இருக்கும். இதைக் கறிக்கடைக் காலிலோ, கையுறை போட்டுக்கொண்டு செத்த குட்டியிலோ முன்பே மடக்கிப் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள், இருட்டில் கை தானாகச் சொல்லும்.

அடுத்தது, பிடித்திருக்கிற இரண்டு காலும் ஒரே குட்டியுடையதுதானா. கன்னி என்கிற நம்ம பக்கத்து இன ஆட்டுக்கு இரட்டை சகஜம், மூன்றும் வரும். அதனால் இந்தக் கேள்வி இங்கே மிக முக்கியம். எங்கள் பக்கத்து வீட்டில் ஒருநாள் மழை இருட்டில் ஆடு சிக்கிக் கிடந்தது. பையன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, "சித்தப்பா, காலு ரெண்டும் வந்துட்டு, இழுக்கவா?" என்றான். அவர் தொழுவுக்குள் வருவதற்கு முன்னாலேயே, "ஏல, பொறு. ரெண்டும் ஒரு குட்டிக்காலுதானான்னு தடவிப் பாத்தியா?" என்று கேட்டார். பையன் ஒரு காலின் மேலேயே விரலை ஊர்ந்து கொண்டுபோய், தோளைத் தொட்டு, நெஞ்சைக் கடந்து, மறு தோள் வழியாக இறங்கினான். இறங்கி வந்த கால் அவன் பிடித்திருந்தது இல்லை. அது மடங்கி உள்ளே கிடந்தது, கையில் இருந்த இரண்டாவது கால் மற்றக் குட்டியுடையது. இழுத்திருந்தால் இரண்டு குட்டியும் வாசலில் நெருக்கி அடைத்திருக்கும். பின்னால் கிடந்ததை உள்ளே தள்ளி, முன்னால் இருந்ததன் காலை நிமிர்த்தி எடுத்தார்கள், அதற்கு அப்புறம் மற்றது தானாக வந்தது. செய்ய வேண்டியது அவ்வளவுதான், தோள் வழியாகச் சுற்றி வந்து பார்ப்பது. தலையையும் அதே மாதிரி, கழுத்து வழியாகத் தோள் வரை தடவி அந்தக் காலுக்கு உரிய தலைதானா என்று பாருங்கள்.

குட்டிக்கு உயிர் இருக்கிறதா என்றும் அப்போதே தெரிந்துகொள்ளலாம். குளம்பின் இரு பிளவுக்கு நடுவே நுள்ளினால் காலை இழுக்கும், வாயில் விரல் வைத்தால் சப்பும். அசைவில்லை என்றாலும் அதை வைத்தே செத்தது என்று முடிவு கட்ட வேண்டாம், களைத்த குட்டி சும்மாவும் கிடக்கும்.

நிமிர்த்துவது

ஒரு கால் மடங்கிக் கிடப்பது, அதிகமாகப் பார்க்கிற சிக்கல். வந்திருக்கிற காலுக்கு நூல் கயிற்றால் சுருக்குப் போட்டு வெளியே விட்டுவையுங்கள், உள்ளே தள்ளும்போது அதுவும் தொலைந்துபோகாது. ஆடு முக்காத நேரம் பார்த்துக் குட்டியின் நெஞ்சையோ நெற்றியையோ உள்ளங்கையால் பின்னுக்குத் தள்ளுங்கள். இடம் இருந்தால்தான் கால் நிமிரும். அப்புறம் மடங்கின காலைப் பிடித்து, குளம்பை உங்கள் உள்ளங்கைக்குள் முழுசாக மூடிக்கொண்டு, முழங்காலை மேலேயும் வெளிப்பக்கமாகவும் தள்ளியபடி குளம்பை நடுப்பக்கமாகக் கொண்டு வாருங்கள். குளம்பை மூடுவதை மட்டும் எந்த அவசரத்திலும் விட்டுவிடாதீர்கள். மூடாமல் இழுத்தால் குளம்பு நுனி கருப்பையைக் கிழித்துவிடும், குட்டி பிழைத்தும் தாய் போய்விடும்.

தலை பின்னுக்குத் திரும்பிக் கிடந்தால் கஷ்டம் அதிகம். கால் இரண்டும் வெளியே தெரிவதால் எல்லாருக்கும் இழுக்கத்தான் தோன்றும், இழுக்க இழுக்கத் தலை இன்னும் பின்னே போகும். இரண்டு காலுக்கும் கயிறு போட்டுவிட்டு, நெஞ்சைத் தள்ளி, கழுத்து எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று தடவிப் போய், மூக்குப் பகுதியை உள்ளங்கையில் கவிழ்த்துப் பிடித்துத் திருப்ப வேண்டும். கீழ்த்தாடையை மட்டும் பிடித்து வலுவாக இழுத்தால் தாடை உடையும். காதுக்குப் பின்னால் சுற்றி வாய் வழியாக வருகிற மாதிரி ஒரு சுருக்குப் போட்டால் தலை திரும்பவும் நழுவாது.

தலை மட்டும் வெளியே வந்து கால் இரண்டும் உள்ளே என்றால் நாக்கு நீலமாகத் தள்ளி, முகம் வீங்கி, பார்க்கப் பயமாக இருக்கும். பல குட்டி அப்படியும் உயிரோடுதான் இருக்கும். தலையைக் கழுவி, பாரபின் தடவி, மெதுவாக உள்ளே கொண்டுபோய் ஒரு காலையாவது எடுத்தால் வழி கிடைக்கும்.

பின்னங்கால் இரண்டும் நேராக வந்தால் திருப்ப முயல வேண்டாம், அப்படியே எடுக்கலாம். ஆனால் இடுப்பு வெளியே வந்ததும் தாமதிக்கக் கூடாது. அந்த நேரத்தில் தொப்புள்கொடி நசுங்கும், தலை உள்ளே இருக்க மூச்சு இழுத்தால் பனிநீரைத்தான் இழுக்கும். வால் மட்டும் கைக்குப் பட்டு, கால் இரண்டும் வயிற்றடியில் மடங்கிக் கிடந்தால், பின்புறத்தை உள்ளே தள்ளி, ஒவ்வொரு காலாக, அதே மாதிரி குளம்பை மூடி, எடுக்க வேண்டும். கை பழகாதவர்கள் இதைத் தொடாமல் மருத்துவருக்குக் காத்திருப்பது நல்லது.

இழுப்பது எப்போதும் ஆடு முக்கும்போது மட்டும், அது நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். ஒரு காலை மற்றக் காலைவிடச் சற்று முன்னே விட்டு இழுத்தால் தோள் சாய்ந்து எளிதாக வரும். தலை வெளியே வந்த பிறகு நேராகப் பின்னுக்கு இழுக்காமல், ஆட்டின் பின்னங்கால் முட்டியைப் பார்த்துக் கீழ்நோக்கி இழுங்கள். ஆட்டுக்கு ஒரு ஆள் பலத்துக்கு மேல் கூடாது. கால் மணி நேரம் முயன்றும் உள்ளே இருப்பது திருந்தவில்லை என்றால் கையை எடுத்துவிடுங்கள். கருப்பை வாய் இறுகின வளையமாக இருந்து இரண்டு விரல்தான் போகிறது என்றால் அதை விரலால் அகட்டக் கூடாது. அதற்கு மருந்தோ அறுவையோதான். யாராவது "ஒரு ஊசி போட்டா தானா தள்ளிரும்" என்று ஆக்ஸிடோசின் வாங்கி வந்தால் கண்டிப்பாகத் தடுங்கள். குட்டி குறுக்கே அடைத்திருக்கும்போதோ வாய் திறக்காமல் இருக்கும்போதோ அந்த ஊசி போட்டால் கருப்பை வெடிக்கும்.

கால்நடை ஆம்புலன்சுக்கு 1962. உங்கள் பகுதிக்கு ராத்திரியில் வண்டி வருமா என்று பகலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அறுவை தேவை என்றால் இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம் என்பது ஆட்டுக்கு இருக்கிற பெரிய வசதி.

மாடும் எருமையும்

முறை அதேதான், பலமும் நேரமும் மாறும். பசுவுக்குப் பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரம் ஆகியும் முன்னேற்றம் இல்லை என்றால் கூப்பிட்டுவிடுங்கள். இரண்டு ஆளுக்கு மேல் கயிற்றில் கை வைக்கக் கூடாது. டிராக்டரில் கட்டி இழுப்பது, மரத்தில் கட்டி நெம்புவது எல்லாம் மாட்டை எழ முடியாமல் படுக்க வைக்கிற வேலை, செய்கிறவரை நாம் வாய்விட்டுத்தான் தடுக்க வேண்டும். கயிற்றை முதல் மூட்டுக்கு மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று என்று இரண்டாகப் போட்டால் இழுவை பிரிந்து எலும்பு தப்பும்.

எருமைக்குத் தனியாக ஒரு ஆபத்து, கருப்பை முறுக்கிக்கொள்வது. நாள் நிறைந்த எருமை தவித்துப் படுத்து எழுகிறது, தீனி எடுக்கவில்லை, வயிற்றை உதைக்கிறது, ஆனால் பனிக்குடமும் வரவில்லை, முக்கலும் இல்லை. சூட்டு வயிற்றுவலி என்று கஷாயம் கொடுத்து ஒருநாளை ஓட்டிவிடுவார்கள். மருத்துவர் வந்து எருமையை முறைப்படி உருட்டி முறுக்கை எடுப்பார், சீக்கிரம் வந்தால் கன்றும் கிடைக்கும்.

குட்டி வெளியே வந்த பிறகு

மூக்கையும் வாயையும் விரலால் வழித்துச் சளியை எடுங்கள். மூச்சு வரவில்லை என்றால் வைக்கோல் துரும்பை மூக்குக்குள் விட்டுக் கிளறினால் தும்மும். காய்ந்த சாக்கால் நெஞ்சை அழுத்தித் தேயுங்கள். காலைப் பிடித்துச் சுழற்றுவதைவிட இந்தத் தேய்ப்பு எவ்வளவோ மேல். தொப்புள்கொடி தானாக அறாவிட்டால் இரண்டு விரல்கடை விட்டுக் கட்டி வெட்டி, டிங்சர் அயோடினில் நனையுங்கள். சாணி, சாம்பல், மஞ்சள் எதுவும் தொப்புளில் வேண்டாம்.

அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போக வேண்டும். முதல் நாளுக்குள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. இரண்டு கிலோ குட்டி என்றால் 200 மில்லி, நாலைந்து தடவையாகப் பிரித்து. ஐப்பசி கார்த்திகை மழையில் பிறந்த குட்டியின் வாய்க்குள் விரல் வைத்துப் பாருங்கள். வாய் சில்லென்று இருந்து தலையைத் தூக்காமல் கிடந்தால் பால் ஊற்றக் கூடாது, புரையேறிச் செத்துவிடும். முதலில் துடைத்து, சாக்கில் சுற்றி, கணப்புப் பக்கத்தில் சூடாக்கி, தலை நிமிர்ந்ததும் பால்.

தாய்க்கு வெதுவெதுப்பான நீரில் கருப்பட்டி கரைத்து வையுங்கள், ஆசையாகக் குடிக்கும். மடிக்கு முன்னால் அடிவயிற்றை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தால் இன்னொரு குட்டி இருந்தால் கட்டியாகத் தட்டுப்படும்.

இளங்கொடி, அதாவது நஞ்சுக்கொடி, ஆட்டுக்குச் சில மணி நேரத்தில் விழும். ஆடானாலும் மாடானாலும் 12 மணி நேரம் தாண்டினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். தொங்குகிற கொடியில் கல்லோ பழஞ்செருப்போ கட்டுவது, பிடித்து இழுப்பது இரண்டும் கூடாது. ரத்தம் கொட்டும், கருப்பையே வெளியே வந்துவிடும். அப்படிக் கருப்பை வெளியே தள்ளிவிட்டால், ஈரத் துணியால் மூடி, மண் படாமல், காகமும் நாயும் அண்டாமல் காத்து, பின்பக்கத்தை மேடாக வைத்து மருத்துவரை வரவழையுங்கள். விழுந்த மாட்டுக் கொடியை வைக்கோலில் பொதிந்து ஆலமரத்தில் கட்டித் தொங்கவிடுவது நம்ம ஊர் வழக்கம். பால் பெருகும் என்று பெரியவர்கள் நம்பினார்கள், நாய் இழுக்காமல் இருந்தவரை அது நல்லதாகவே இருந்தது. இப்போது சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைப்பதைத்தான் நான் சொல்வேன். கையை உள்ளே விட்ட ஆட்டுக்கு அடுத்த மூன்று நாள் காய்ச்சலோ நாற்றமோ இருக்கிறதா என்று பாருங்கள். ஆன்டிபயாடிக் எது, எவ்வளவு என்பதை மருத்துவரே சொல்லட்டும்.

சூலிப் பெண்ணை விடாதீர்கள் என்று சொன்னதற்குக் காரணம் கன்று வீச்சு நோய், அதாவது புரூசெல்லோசிஸ். சினை கலைந்த மாட்டின், ஆட்டின் நீரிலும் கொடியிலும் இருந்து இது மனிதருக்கு ஒட்டும், விட்டு விட்டுக் காய்ச்சலும் மூட்டுவலியுமாக மாதக்கணக்கில் வாட்டும். அதனால் செத்துப் பிறந்ததையும் கொடியையும் வெறும் கையால் தொடாதீர்கள், கையில் புண் இருந்தால் பக்கத்திலேயே போகாதீர்கள். 4 மாதம் முதல் 8 மாதம் வரையுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு இதற்குத் தடுப்பூசி இருக்கிறது, வாழ்நாளில் ஒரு தடவை போட்டால் போதும்.

பாதிச் சிக்கலைக் கிடாய் சேர்க்கும்போதே தவிர்க்கலாம். மேலப்பாளையம் சந்தையில் குட்டிக்கு எடை நிற்க வேண்டும் என்று சின்னக் கன்னிப் பெட்டைக்கு ஜமுனாபாரி, போயர் மாதிரிப் பெரிய கிடாயைச் சேர்க்கிறார்கள். தலை ஈத்துக்கு இது வேண்டவே வேண்டாம். பெட்டை வளர்ந்த ஆட்டின் எடையில் மூன்றில் இரண்டு பங்காவது வந்த பிறகு, முதல் ஈத்துக்கு அதே இனக் கிடாய். கிடேரிக்குச் சினை ஊசி போட வரும்போதும், கன்று சிறிதாகப் பிறக்கிற காளையின் விந்து இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கடைசி ஆறு வாரம் இரட்டைச் சினை ஆட்டுக்கு வயிற்றில் இடம் குறைவு, குழை மட்டும் போதாது. தினம் கால் கிலோ அளவுக்குக் கம்போ சோளமோ புண்ணாக்கோடு சேர்த்து இரண்டு வேளையாகப் பிரித்து வையுங்கள். தீனி குறைந்து அந்தக் கட்டத்தில் ஆடு சோர்ந்து படுத்தால், பிரசவத்துக்கு நாள் இருக்கிறது என்று விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.